அரிசி விழுந்த கண்ணாடி

என் கணவரின் தொழிலைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால், "வீடு இடிக்கிற எடத்துல சாமான் வாங்கி விக்கிறாரு" என்று சொல்லிவிட்டு அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம் எங்களுடையது. இடிந்த வீட்டுப் பொருள் வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டின் பீடையும் கூடவே வரும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திண்டிவனத்துக்கு வாழ வந்தபோது அந்த நம்பிக்கையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

பாண்டிச்சேரி ரோட்டில் எங்கள் கடை. கடை என்றால் முன்னால் ஒரு தகரக் கொட்டகை, பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை. பாண்டிச்சேரியில் பழைய பிரெஞ்சுக்காரர் வீடுகளை இடிக்கும்போதெல்லாம் என் கணவர் லாரியோடு போய் நிற்பார். கதவு, ஜன்னல், இரும்புக் கிராதி, தரை ஓடு, குளியல் தொட்டி எல்லாம் வரும். மரம் அன்றைக்கே விலை போய்விடும். யாரும் வாங்காமல் மூலையில் தங்கியவை கண்ணாடி உருண்டைகள்தாம்.

அந்த வீடுகளில் மாடிப்படி தொடங்குகிற இடத்தில், கைப்பிடிக் கம்பத்தின் தலைமேல், ஒரு கண்ணாடி உருண்டையை அழகுக்கு வைத்திருப்பார்கள். சின்னப் பூசணிக்காய் அளவு இருக்கும். வாயால் ஊதிச் செய்தது. உள்ளே காலி, கீழே ஒரு குட்டைக் கழுத்து, அதில் பித்தளைப் பூண். பச்சை, நீலம், தேன் நிறம் என்று வரும். பல உருண்டைகளில் கண்ணாடிக்கு உள்ளேயே ஏதாவது கிடக்கும். வரிசையாகக் காற்றுக் குமிழி, மினுக்குகிற தூள், கறுப்புக் கறுப்பாகப் பொட்டு. உடைந்த கண்ணாடியை உருக்க எடுத்துப்போகிற லாரிக்காரர் இவற்றைத் தொடவே மாட்டார். "உள்ள கண்டது கலந்திருக்குது, சூளையில சேர்க்க மாட்டாங்க" என்பார்.

கொட்டகையை உண்மையில் நடத்தியது என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் வேறொருத்தியைக் கூட்டிவந்து அதே வீட்டில் வைத்தான். ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. கரகரத்த குரல், யாரையும் எடுத்தெறிந்து பேசுகிற வாய். நான் வந்த முதல் வருடம் என்னோடு அவர் பேசியதெல்லாம் குற்றம் சொல்ல மட்டுமே. என் குழம்பில் உப்பு அதிகம், என் துடைப்பத்தில் தூசி போகாது, என் வயிறு இன்னும் திறக்கவில்லை. அப்படிப்பட்டவர், மத்தியான வேளையில் தனியாக உட்கார்ந்து ஓர் உருண்டையைச் சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவும்போது மட்டும் வேறு மனுஷியாக இருப்பார். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் பாண்டிச்சேரிக்கு அந்தப் பக்கம் குடியேறியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஜன்னல் வாங்க வந்தார். மூலையில் கிடந்த குவியலைப் பார்த்து, ஜன்னலை மறந்துவிட்டு, இரண்டு உருண்டைகளை மடியில் வைத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம்தான் இதிலும் வியாபாரம் இருக்கிறது என்று என் கணவருக்கு உறைத்தது. உருண்டையாக வாங்க ஆள் குறைவு. ஆனால் தலைப்பக்கத்தை வெட்டி எடுத்தால் விளக்குக்கு மூடி ஆகும். பாதியாக வெட்டினால் கிண்ணம். மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கட்டி, பற்றவைத்து, அது எரிந்து தீருகிற நேரம் தண்ணீரில் முக்கினால் நூல் போன வழியே கண்ணாடி விட்டுப்போகும். வெட்டின விளிம்பை இரும்புத் தகட்டில் மணல் போட்டுத் தேய்த்து மழுக்குவோம். நானும் தேய்த்திருக்கிறேன். கை ரேகை அழிந்துபோகும்.

நூலில் வெட்டும்போதுதான், எந்தக் கண்ணாடி பேச்சைக் கேட்கும், எது கேட்காது என்பது தெரிந்தது. ஆரம்பத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மினுக்குகிற தூளைத் தங்கம் என்று நினைத்து என் கணவர் ஒரு துண்டை நகைக்கடைக்கு எடுத்துப்போய், சிரிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். செம்பு ஏதோ கலந்திருக்கிறார்களாம். வேறு சிலவற்றில் காக்காப்பொன் செதில்கள். ஒவ்வொரு செதிலையும் சுற்றி ஒரு குட்டிக் குமிழி இருக்கும். இவை எதனாலும் வெட்டுக்குத் தொந்தரவில்லை. கறுப்புப் பொட்டு, ஊதுகுழலிலிருந்து உதிர்ந்த இரும்புத் துருவாக இருக்கும் என்று அண்ணி சொன்னார். அதுவும் பெரும்பாலும் சரியாகவே விட்டுப்போகும்.

கேட்காதது ஒன்றுதான். பார்க்க மிகச் சாதுவாக இருக்கும். வெள்ளையாக ஒரு சின்ன மணி. வேகாத அரிசி ஒன்று கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. அந்த மணி உள்ள உருண்டையில் நூல் ஒரு வழி போனால் விரிசல் வேறு வழி போகும். மணியைத் தேடிக்கொண்டு போய் அங்கே முடியும்.

அதை நாங்கள் சரியாக உணர்ந்தது ஒரு சித்திரை மாதத்தில். நான் கொட்டகையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரே பலகையில் ஒரு பச்சை உருண்டை. யாரும் அதைத் தொடவில்லை, காற்றுகூட இல்லை. தகரக் கூரையின் சூடு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பலகையில் இருந்த உருண்டையைக் காணோம். என் கீரையெல்லாம் பச்சைச் சில்லு. அண்ணி ஓடிவந்து முதலில் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையில் குந்தி, சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்து, எல்லா விரிசலும் கிளம்பின இடத்தைக் கண்டுபிடித்தார்.

"பாரு. அரிசி."

அன்றிலிருந்து எது வந்தாலும் முதலில் வெள்ளைத் துணி மேல் வைத்துப் பார்ப்பார், பிறகு கறுப்புத் துணி மேல். வெள்ளைத் துணியில் கறுப்பு தெரியும். கறுப்புத் துணியில் அரிசி தெரியும். சந்தேகமாக இருந்தால் நல்ல வெயிலில் காயவைத்து, வாளித் தண்ணீரை விசிறி அடிப்பார். சிலது அங்கேயே வெடிக்கும். என் கணவருக்குக் கோபம் வரும். "வாங்கினு வர்றத எல்லாம் நீயே ஒடைச்சினு இருந்தா நான் எத்த விக்கிறது?" என்பார். "இங்க ஒடைஞ்சா குப்பை. வாங்கினவன் வூட்ல ஒடைஞ்சா?" என்று அண்ணி கேட்பார். அண்ணியின் கணக்கும் எப்போதும் சரியாக இருந்ததில்லை. அரிசி இல்லை என்று அவர் எடுத்துவைத்த ஒரு கிண்ணம் இரண்டாம் நாள் இரண்டாகப் பிளந்தது. அரிசி உள்ள ஒன்று வருடக்கணக்காக எங்கள் ஜன்னலில் வெயிலும் மழையும் தின்றுகொண்டு அசையாமல் இருந்தது. அந்த ஜன்னல் உருண்டையைக் காட்டித்தான் என் கணவர் எப்போதும் வாதாடுவார்.

இப்படி இருக்கும்போது ஒரே வீட்டிலிருந்து, ஒரே படிக்கட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும், இரண்டு நீல உருண்டைகள் வந்தன. ஆழமான நீலம். அதற்குள் காக்காப்பொன் செதில்கள் ஒரே சீராகத் தூவியிருந்தன. இரண்டும் ஒரே கை ஊதியது என்று பார்த்தாலே தெரியும். அண்ணி இரண்டையும் கறுப்புத் துணியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றை மட்டும் மறுபடி கையில் எடுத்துத் திருப்பினார். ஒன்றின் தோள்பட்டைப் பக்கம், செதில்களுக்கு நடுவில் ஓர் அரிசி.

வழக்கமாக உடைத்துவிடுவார். இதை உடைக்கவில்லை. தண்ணீரும் அடிக்கவில்லை. இரண்டையும் தன் டிரங்குப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும். பாத்துக்கினு இருக்கிறதுக்கு இன்னா கேடு" என்றார்.

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வந்தது அடுத்த வருடம். வளைகுடாவில் பல காலம் இருந்து திரும்பியவர். மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். வீட்டு வாசலுக்குத் தேக்குக் கதவு தேடி வந்தவர், திறந்திருந்த அறை வழியாக அந்த நீலத்தைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, அந்த ஜோடிய வெளக்காப் பண்ணிக் குடுப்பீங்களா? நான் இருந்த ஊர்ல பெரிய வீட்டு வாசல்ல ரெண்டு பக்கமும் இந்த மாதிரி வெச்சிருப்பாங்க. எம் பொண்ணு கல்யாணத்துக்கு வெக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கரண்டு வேணாம், அது எப்ப போவும் எப்ப வரும்னு தெரியல. திரி வெளக்காவே இருக்கட்டும்."

என் கணவர் உடனே சரி என்றார். அண்ணி உள்ளேயிருந்து வந்தார்.

"பாய், ஒண்ணு தர்றோம். இன்னொண்ணு நெருப்புக்கு ஆவாது. வேற ஜோடி பாருங்க, பச்சையில இருக்குது."

பாய் பச்சையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "அதான் மனசுல வுழுந்துட்டுதுமா" என்றார். என் கணவர் அக்காவைக் கண்ணால் அடக்கிவிட்டு, அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அன்று வீட்டில் நடந்த சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அரிசி, அரிசினு பயந்துக்கினு கெடந்தா பொழப்பு நடக்காது. ஜன்னல்ல இருக்கிறது ஒடைஞ்சிதா?"

"அதுக்கு அடியில நீ நெருப்பு வெச்சியா?"

"வெச்சிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். போதுமா?"

"மவ கல்யாணத்துக்குக் கேக்கறாரு தம்பி. நல்ல காரியம். தெரிஞ்சே குடுக்காத."

அந்த வாரம் விழுப்புரத்தில் அண்ணியின் மாமனார் இறந்துபோனார். விட்டுவந்த புருஷனின் வீடுதான், ஆனாலும் அந்தக் கிழவர் மட்டும் அண்ணியிடம் நன்றாக இருந்தவர். அண்ணி புறப்பட்டுப் போனார். அவர் பஸ் ஏறின அன்றே என் கணவர் இரண்டு உருண்டைகளையும் எடுத்து நூல் கட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். "அண்ணி வரட்டுமே" என்றேன். "நீ வேற பேஜாரு பண்ணாத" என்றார். நல்லது முதலில் வெட்டுப்பட்டது. அரிசி உள்ளதும் கத்தியால் சீவினது மாதிரி சுத்தமாக வெட்டுப்பட்டது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எனக்கும் பாரம் இறங்கினது போலத்தான் இருந்தது. பித்தளை அடி வைத்து, பர்னர் பொருத்தி, சாயங்காலம் இரண்டையும் ஏற்றிக் காட்டினார். தகரக் கொட்டகைச் சுவரெல்லாம் நீலம். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சமையல் முடித்து நான் வரும்வரை எரிந்தது, ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே கோட்டக்குப்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அண்ணி திரும்பி வந்து பெட்டியின் மேலே பார்த்தார். நடந்ததை என் கணவர் பெருமையாகச் சொன்னார். கோட்டக்குப்பம் போய் அந்த ஒன்றை மட்டும் திருப்பி வாங்கி வருகிறேன் என்று அண்ணி செருப்பை மாட்டினார். என் கணவர் வழி மறித்தார். "நூலு கட்டினேன், தண்ணியில முக்கினேன், ஏத்தினேன். இன்னும் இன்னா பண்ணணும்? நீ போயி அங்க ஏதாச்சும் சொன்னா நாளைக்கு எவனும் நம்ம கடைக்கு வரமாட்டான்." அண்ணி என்னைப் பார்த்தார். "எரிஞ்சிதா?" என்று கேட்டார். "எரிஞ்சிது அண்ணி. ரொம்ப நேரம் எரிஞ்சிது" என்றேன். அது உண்மைதான். அவர் செருப்பைக் கழற்றினார். "நான்தான் சும்மா பயந்துக்கினு கெடக்கிறேனோ என்னவோ" என்றார். அப்படி அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கல்யாணத்தன்று நடந்தது எங்களுக்குப் பிறகு சொல்லப்பட்டது. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம். வாசலில் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு விளக்கை வைத்திருந்தார்கள். மணப்பெண்ணின் தங்கை, பத்தாவது படிக்கிற பெண், தானே ஏற்றுவேன் என்று ஏற்றியிருக்கிறாள். கடல் காற்று அடித்ததால் ஒரு திரி தாழ்ந்து எரிந்திருக்கிறது. அதைத் தூண்டக் குனிந்தாள். அந்த நேரத்தில் வெடித்தது. உள்ளே நிக்காஹ் தொடங்கப்போகிற நேரம். வாசலில் கேட்ட சத்தத்தைப் பட்டாசு என்று உள்ளே சொல்லிவிட்டார்கள். தங்கையைப் பின்பக்கமாகக் காரில் ஏற்றி பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மணப்பெண்ணுக்கு மறுநாள் காலைவரை சொல்லவில்லை. அவள் தங்கையைத் தேடிக்கொண்டே இருந்தாளாம். "தூங்கிட்டா" என்றார்களாம்.

மறுநாள் பாய் வந்தார். கல்யாணத்துக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டை, கைப்பகுதியில் காய்ந்த ரத்தம். கூட யாரும் வரவில்லை. ஆட்களைக் கூட்டிவந்து அடித்திருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோளிலிருந்து ஒரு துண்டை இறக்கி, பலகையின் மேல் வைத்துப் பிரித்தார். நீலச் சில்லுகள்.

"கண்ணு போச்சு தம்பி" என்றார். "டாக்டரு சொல்லிட்டாரு. நான் சண்டைக்கு வரல, காசு பேசவும் வரல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தம்மா அன்னிக்கே ஒண்ணு ஆவாதுனு சொன்னாங்களே. அதானா இது?"

என் கணவர் சில்லுகளைப் பார்க்காமலே பேசினார். "அதெல்லாம் இல்ல பாய். கண்ணாடியப் பாத்துப் பிரிக்கிறது எங்கக்காதான். அவ சரினு சொல்லித்தான் குடுத்தோம். காத்துல குளுந்து ஒடைஞ்சிருக்கும்."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டின் முன்னால் நின்று, ஒவ்வொரு சில்லாகப் புரட்டினார். விரலில் கீறி ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. கடைசியில் ஒன்றை எடுத்து பாயின் உள்ளங்கையில் வைத்தார்.

"அதான் இது. இந்த வெள்ளையப் பாருங்க. இத்தப் பாத்துத்தான் ஆவாதுன்னேன். அப்பவே ஒடைச்சிருக்கணும். அழகா இருக்குதுனு எனக்கு மனசு வரல. அப்பறம் எரிஞ்சிதுனு சொன்னாங்க, நானும் வுட்டுட்டேன்."

"பொய்" என்றார் என் கணவர். "அன்னிக்கு ஏதோ சொன்னா. அப்பறம் ரெண்டும் சரினு இவளேதான் சொன்னா."

பாய் என் பக்கம் திரும்பினார். அந்த வீட்டில் மிச்சமிருந்த ஆள் நான்தான்.

"தங்கச்சி, நீங்க சொல்லுங்க. சரினு சொன்னாங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பாயின் சட்டைக் கையையே பார்த்தேன்.

"இல்ல" என்றேன். "கொடுக்காதன்னுதான் சொன்னாங்க. அவங்க ஊருல இல்லாதப்ப இவரு வெட்டினாரு. நான் பக்கத்துல இருந்தேன்."

பாய் தலையை ஆட்டினார். அந்த ஒரு சில்லை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றதைத் துண்டோடு விட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். போலீசுக்கும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சோறு போட்டால் சாப்பிடுவார். கேட்டதற்குப் பதில் இருக்காது. கொட்டகைப் பக்கமே போகமாட்டார். காலையில் புறப்பட்டு, எங்கே உட்கார்ந்துவிட்டு வருவாரோ, சாராய வாடையோடு திரும்புவார். அக்காவை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். "நான் எங்கயும் போவல. போவணும்னா நீ போ" என்றார் அண்ணி.

அண்ணி வாரம் ஒருநாள் பாண்டிச்சேரியில் அந்தப் பெண் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் தடவை துணைக்கு நானும் போனேன். வார்டு வாசலில் அண்ணி திண்டிவனம் கடை என்று சொன்னதுமே பெண்ணின் தாயாருக்குப் புரிந்துவிட்டது. "போயிடுங்க. எம் புள்ள முன்னால வராதீங்க" என்று கத்தினார். இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் கொண்டுபோன சாத்துக்குடிப் பையைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினோம். அண்ணி உடனே பஸ் ஏறவில்லை. ஆஸ்பத்திரி மதில் ஓரமாக, ஜன்னல் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தார். "இன்னாத்துக்கு அண்ணி?" என்றேன். "தெரியல. குந்திக்கினு இருக்கலாம்னு தோணுது" என்றார். அடுத்தடுத்த வாரங்களிலும் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வந்தார். பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று காவல்காரர் சொன்ன பிறகுதான் போவதை நிறுத்தினார்.

கொட்டகையில் இருந்த உருண்டைகளையெல்லாம் நாங்கள் இரண்டு பேருமாக மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கறுப்புத் துணி, வெள்ளைத் துணி. அரிசி இருந்ததையெல்லாம் சாக்கில் போட்டு அண்ணி சுத்தியலால் அடித்தார். அந்தச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பின்பக்க மதில்மேல் பதித்தோம். நல்லதாக இருந்தவற்றைப் பாதியாக வெட்டி, குளியலறைச் சுவரில் வெளிச்சத்துக்குப் பதிக்கிற மாதிரி விற்றோம். அது நன்றாகவே போனது. விளக்கு மட்டும் செய்யவில்லை. யாராவது விளக்குக்கு மூடி கேட்டால் அண்ணி, "இல்ல" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார், பக்கத்தில் உருண்டை இருந்தாலும். மாதிரிக்கு வேண்டும் என்று அரிசி உள்ள ஒன்றை மட்டும் உடைக்காமல் எடுத்துவைத்தார். சாமான் கொண்டுவருகிற ஆட்களுக்கு அதைக் காட்டி, "இப்பிடி இருந்தா எனக்குக் கொண்டாராத" என்று சொல்ல.

இரண்டு மழைக்காலம் போன பிறகு ஒருநாள் காலை, பாய் மறுபடி வந்தார். கூட ஒரு பெண். தலையில் முக்காடு. நான் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"இவதான் வரணும்னா" என்றார் பாய். "ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்தா. அவங்கம்மாவுக்குத் தெரியாது."

அண்ணி எழுந்து நின்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பெண் உட்காரவில்லை.

"அத்தா அந்தச் சில்ல வெச்சிருந்தாங்க" என்றாள். "அம்மா கண்டுபிடிச்சிக் கடல்ல போட்டுட்டாங்க. நான் அத்தப் பாக்கவே இல்ல. உள்ள இன்னா இருந்துச்சினு எனக்குத் தெரியணும். வேற இருந்தா காட்டுங்க."

அண்ணி என்னைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார். பாய் தலையசைத்தார். எடுத்துவைத்திருந்த அந்த ஒன்றை அண்ணி கொண்டுவந்தார். பலகையில் கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் வைத்தார். பக்கத்தில் போகவிடாமல் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டார். "எட்டத்துலருந்தே பாரு. தோ, அந்தக் குமிழிக்குக் கீழ."

அவள் தலையைச் சாய்த்து, ஒரு பக்கமாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

"இது எப்பிடி உள்ள போச்சு?"

"உருக்கும்போது ஒரு மணல் உருகாம நின்னிருக்கும். இல்ல, சூளைச் செங்கல்லுருந்து ஒரு பொடி வுழுந்திருக்கும். சரியா எனக்குத் தெரியாதும்மா. ஊதினவன் கவனிச்சிருக்கமாட்டான். இல்ல, கவனிச்சும் அனுப்பிட்டிருப்பான்."

பெண் நிமிர்ந்தாள். அவளுடைய இடது கண் அசையவில்லை. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். "பிளாஸ்டிக்" என்றாள். "கண்ணாடியில வேணாம்னு அம்மா கேட்டு வாங்குனாங்க." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். எங்கள் யாராலும் சிரிக்க முடியவில்லை.

நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். வாங்கிக் குடித்தாள். பிறகு கேட்டாள்: "செஞ்சிக் குடுத்தவரு எங்க?"

என் கணவர் உள்ளே இருந்தார். அன்று வெளியே போகாத நாள். பாய் குரல் கேட்டபோதே பின்னறைக்குப் போனதை நான் பார்த்தேன். "இருக்காரு. கூப்பிடட்டுமா?" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். "கூப்புடுங்க" என்றாள்.

போய்க் கூப்பிட்டேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "அந்தப் பொண்ணு வந்திருக்குது. உங்களப் பாக்கணுமாம். சண்டைக்கு வரல" என்றேன். அண்ணி வந்து கதவைத் தட்டினார். "டேய் தம்பி. வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா. சின்னப் பொண்ணுடா அது." கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவதுகூட எங்களுக்குக் கேட்டது. கதவு திறக்கவில்லை.

பெண் டீ டம்ளரைக் கழுவி வைக்கப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன். மூடின கதவைப் பார்த்தாள். பிறகு, "சரி அத்தா, பஸ்ஸு போயிடும்" என்றாள். ரோட்டைத் தாண்டும்போது பாய் அவளுடைய இடது பக்கமாக மாறி நடந்தார்.

சாயங்காலம் சோறு போட்டேன். என் கணவர் வந்து உட்கார்ந்தார். குழம்பை ஊற்றும்போது, என்னோடு பேசி அவ்வளவு காலம் ஆகியிருந்த மனுஷன், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எந்தக் கண்ணு?"

"இடது" என்றேன்.

சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

அந்த மாதமே விழுப்புரத்தில் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தார். பிறகு நான் போய்ப் பார்க்கிறதாக ஆனது. ஷெட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்போம், அவர் டீ வாங்கித் தருவார், ஊர் மழையைப் பற்றி ஏதாவது சொல்வார். குழந்தை பிறக்கவில்லை எங்களுக்கு. கடையை நானும் அண்ணியும் நடத்தினோம். அண்ணி என் சமையலைக் குற்றம் சொல்வதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு ஞாபகமில்லை.